குரூப் 4 கணக்கு: நாலு பேரு சேர்ந்து உக்காந்தா மார்க் ஏறுமா?

கேள்வி கேட்டவங்க சொன்னதை முதல்ல சுருக்கமா சொல்லிடறேன். நாலு பேரு அரசு வேலைக்கான டிஎன்பிஎஸ்சி குரூப் 4 பரீட்சைக்கு தயாராகறாங்க, தினமும் சாயங்காலம் லைப்ரரில சேர்ந்து உக்காந்து கணக்கு போடறாங்க. அதுல ஒருத்தர் பி.எஸ்சி மேத்ஸ், அவர் மளமளன்னு போட்டுடறாரு, மத்த மூணு பேரும் அதைப் பார்த்து நோட்டுல எழுதிக்கறாங்க, அப்ப எல்லாம் புரிஞ்ச மாதிரி இருக்கு, ஆனா மாடல் டெஸ்ட்ல தனியா உக்காந்தா 25-க்கு 11, 12 தான் வருது. சேர்ந்து படிக்கிறதே வேஸ்ட்டா, பேசாம தனித்தனியா போயிடலாமா, ஷார்ட்கட் நோட்ஸ் வாங்கி மனப்பாடம் பண்ணலாமா, இதான் கேள்வி.

பட்டுனு சொல்லணும்னா நீங்க பண்றது சேர்ந்து படிக்கிறதே இல்ல. ஒருத்தர் படிக்கிறாரு, மூணு பேரு பக்கத்துல உக்காந்திருக்கீங்க. அடுத்தவர் சாப்பிடறதைப் பார்த்து நம்ம வயிறு நிறையாதுல்ல, அதே கதைதான். இதுக்கு குரூப்பைக் கலைக்க வேண்டியதில்ல, உக்கார்ற முறையை மாத்தினா போதும்.

இந்த 25 கேள்விக்கு ஏன் இவ்ளோ மெனக்கெடணும்னு சிலருக்குத் தோணும். மொத்தம் 200 கேள்வி, 300 மார்க், 3 மணி நேரம். தமிழ் 100, பொது அறிவு 75, திறனறிவு, அதாவது கணக்கும் ரீசனிங்கும், 25. ஒரு கேள்விக்கு ஒன்றரை மார்க், அப்படிப் பார்த்தா கணக்குல மட்டும் முப்பத்தேழரை மார்க் இருக்கு. பொது அறிவுல நீங்க எவ்ளோ படிச்சாலும் படிக்காத இடத்துலருந்து ரெண்டு மூணு கேள்வி வந்தே தீரும், அதை யாராலயும் தடுக்க முடியாது. கணக்கு அப்படி இல்ல. சிலபஸ் ஒரு உள்ளங்கைல அடங்கும்: சுருக்குதல், சதவீதம், மீ.சி.ம (மீச்சிறு பொது மடங்கு), மீப்பெரு பொதுக் காரணி, விகிதம், தனிவட்டி, கூட்டுவட்டி, பரப்பளவு, கன அளவு, நேரம் வேலை, அப்புறம் பகடை, எண் தொடர், புதிர் மாதிரியான ரீசனிங். எல்லாமே பத்தாம் கிளாஸ் தரம்தான். அதனால 25-க்கு 22, 23 எடுக்கறது பெரிய சாதனை எல்லாம் கிடையாது, ஆர்ட்ஸ் குரூப் படிச்சவங்க நிறைய பேரு எடுத்திருக்காங்க.

சரி, எப்படி உக்காரணும்? பழைய கொஸ்டின் பேப்பர்லருந்து ஒரு எட்டு கேள்வி எடுங்க. ஒரே தலைப்புல எடுக்காதீங்க, கலந்து எடுங்க, ஏன்னா பரீட்சைல “இது நேரம் வேலை கணக்கு”னு தலைப்பு போட்டு யாரும் தர மாட்டாங்க, இது என்ன வகைனு கண்டுபிடிக்கறதே பாதி வேலை. போன்ல 12 நிமிஷம் டைமர் வைங்க. அந்த 12 நிமிஷம் ஒருத்தர் ஒருத்தர்கிட்ட பேசக்கூடாது, அடுத்தவர் பேப்பரைப் பார்க்கக்கூடாது, அவங்கவங்க தனியா போடணும். விடை பக்கத்துல ஒரு குறி போட்டுக்கணும், உறுதின்னா டிக், சந்தேகம்னா கேள்விக்குறி, குத்துமதிப்பா போட்டதுன்னா பெருக்கல் குறி. நேரம் முடிஞ்சதும் யாரும் விளக்கம் சொல்ல ஆரம்பிக்கக் கூடாது, முதல்ல நாலு பேரு விடையையும் ஒரு பேப்பர்ல வரிசையா எழுதுங்க. நாலு பேருக்கும் ஒரே விடை, நாலு பேரும் டிக் போட்டிருக்கீங்கன்னா ஆன்சர் கீல ஒரு தடவை சரிபார்த்துட்டு அந்தக் கேள்வியைத் தாண்டிப் போயிடுங்க, அதைப் பேசி நேரத்தை வீணாக்காதீங்க. விடை வேற வேறயா வந்த கேள்விதான் நீங்க பேச வேண்டியது. அதுலயும் ஒருத்தர் டிக் போட்டு தப்பா வந்திருந்தா அதை விடவே கூடாது, ஏன்னா அவர் பரீட்சைலயும் அதே தப்பை உறுதியா பண்ணுவாரு.

பேசற வரிசையும் முக்கியம். தப்பா போட்டவர் முதல்ல தன் வழியைச் சொல்லணும், மேத்ஸ் படிச்ச நண்பர் கடைசியாதான் வாயைத் திறக்கணும். அவருக்கு இது கஷ்டமா இருக்கும், கை அரிக்கும், பரவால்ல பொறுத்துக்கட்டும். சரியான வழியை முதல்ல கேட்டுட்டா மத்தவங்க “ஆமா ஆமா நானும் அப்படித்தான் நெனச்சேன்”னு தலையாட்டிட்டுப் போயிடுவாங்க, எங்க சறுக்குச்சுன்னு வெளியவே வராது.

இதை ஒரு கணக்கு வச்சு சொன்னாதான் புரியும். ஏ ஒரு வேலையை 10 நாள்ல முடிப்பார், பி அதே வேலையை 15 நாள்ல முடிப்பார். ரெண்டு பேரும் சேர்ந்து ஆரம்பிக்கறாங்க, வேலை முடியறதுக்கு 5 நாள் முன்னாடி பி விலகிடறாரு. மொத்தம் எத்தனை நாள்ல வேலை முடியும்? ஆப்ஷன்ல 6, 6⅔, 8, 9 இருக்குன்னு வச்சுக்கோங்க.

மேத்ஸ்காரர் என்ன பண்ணுவாருன்னா எக்ஸ்னு வச்சு சமன்பாடு எழுதுவாரு. ஏ எக்ஸ் நாள், பி அதுல 5 கம்மி, பத்துல ஒரு பங்கு, பதினஞ்சுல ஒரு பங்குன்னு எழுதி, 30-ஆல பெருக்கி, 5எக்ஸ் = 40, எக்ஸ் = 8. சரியான விடை. இன்னொருத்தர் மொத்த வேலையை 30 யூனிட்டுன்னு வச்சுப்பாரு, 10-க்கும் 15-க்கும் மீ.சி.ம 30, ஏ ஒரு நாளைக்கு 3 யூனிட், பி 2 யூனிட். கடைசி 5 நாள் ஏ மட்டும், அதாவது 15 யூனிட். மீதி 15 யூனிட் ரெண்டு பேரும் சேர்ந்து, நாளைக்கு 5 வீதம் 3 நாள். 3 + 5 = 8. மூணாவது ஆள் வேற மாதிரி யோசிப்பாரு, பி விலகாம இருந்திருந்தா அந்த 5 நாள்ல இன்னும் 10 யூனிட் பண்ணியிருப்பாரு, அப்ப மொத்தம் 40 யூனிட், நாளைக்கு 5, 8 நாள். நாலாவதா ஒரு வழி இருக்கு, பேனாவே வேண்டாம்: ஏ 10 நாள்ல முழு வேலை, அப்ப கடைசி 5 நாள்ல பாதி வேலை. மிச்ச பாதியை ரெண்டு பேரும் சேர்ந்து பண்ணியிருக்காங்க, சேர்ந்தா முழு வேலைக்கு 6 நாள், பாதிக்கு 3 நாள், ஆக 8. இந்த மாதிரி வழியை பெரும்பாலும் கணக்குல நம்ம வீக்குன்னு சொல்லிக்கற ஆளுதான் கண்டுபிடிப்பாரு, ஏன்னா அவருக்கு சமன்பாடு போட சோம்பேறித்தனம்.

தனியா படிச்சா இந்த நாலு வழியும் உங்களுக்குக் கிடைக்காது, நமக்கு வந்த வழியில போட்டு விடை சரின்னா டிக் அடிச்சுட்டு அடுத்ததுக்குப் போயிடுவோம். குரூப்போட லாபமே இதுதான். தப்பு போட்டவங்களையும் பாருங்க. 6⅔ போட்டவர் “முடியறதுக்கு 5 நாள் முன்னாடி”ங்கறதை “ஆரம்பிச்சு 5 நாள் கழிச்சு”ன்னு படிச்சிருப்பாரு, 5 நாள்ல 25 யூனிட், மிச்சம் 5-ஐ ஏ மட்டும் பண்ண 1⅔ நாள். அவருக்கு கணக்கு நல்லாவே தெரியுது, படிக்கறதுலதான் கோட்டை விட்டாரு. 6 போட்டவர் பி விலகினதையே கண்டுக்கல. இந்த ரெண்டு நம்பரும் ஆப்ஷன்ல சும்மா வந்து உக்காரல, யாரு எங்க சறுக்குவாங்கன்னு யோசிச்சுதான் ஆப்ஷன் வைக்கறாங்க. அதனால “என் விடை ஆப்ஷன்ல இருக்கு, அப்ப சரியாத்தான் இருக்கும்”ங்கற நம்பிக்கையை இன்னிக்கே விட்டுடுங்க.

அடுத்து ஷார்ட்கட் நோட்ஸ். வாங்காதீங்கன்னு சொல்ல மாட்டேன், ஆனா எங்கருந்து வந்துச்சுன்னு தெரியாத ஃபார்முலா பரீட்சை ஹால்ல காலை வாரி விட்டுடும். உதாரணத்துக்கு 8000 ரூபாய்க்கு 5 சதவீதம், 2 வருஷத்துக்கு தனிவட்டிக்கும் கூட்டுவட்டிக்கும் வித்தியாசம் எவ்ளோ? நோட்ஸ்ல அசலை வட்டி வீதத்தோட வர்க்கத்தால பெருக்கி பத்தாயிரத்தால வகுன்னு இருக்கும், 20 ரூபாய் வந்துடும். அதையே 3 வருஷம்னு கேட்டா? அதுக்கு வேற ஒரு நீள ஃபார்முலா, அதுல 300 ப்ளஸ் ஆர்னு (ஆர்னா வட்டி வீதம்) ஒண்ணு வரும், மேல வருதா கீழ வருதான்னு பாதி பேருக்கு ஞாபகம் இருக்காது. ஆனா என்ன நடக்குதுன்னு தெரிஞ்சா ஃபார்முலாவே வேண்டாம். முதல் வருஷ வட்டி 400, அதுவரைக்கும் ரெண்டும் ஒண்ணுதான். ரெண்டாம் வருஷம் கூட்டுவட்டில அந்த 400-க்கும் 5 சதவீதம் வட்டி, 20 ரூபாய், அதான் வித்தியாசம். மூணாம் வருஷம் ரெண்டு 400-ம் அந்த 20-ம் சேர்ந்து 820-க்கு வட்டி, 41 ரூபாய். 20 + 41 = 61. முடிஞ்சது. குரூப்ல யாராவது ஷார்ட்கட் சொன்னா “இது ஏன் வருது”ன்னு கேக்கற உரிமை மத்த மூணு பேருக்கும் இருக்கணும், அவரால சொல்ல முடியலன்னா அன்னிக்கு அந்த ஷார்ட்கட் நோட்டுல ஏறக்கூடாது, போயி தெரிஞ்சுக்கிட்டு அடுத்த நாள் வந்து சொல்லட்டும். இந்த ஒரு விதியை மட்டும் கறாரா வச்சுக்கோங்க.

மீப்பெரு பொதுக் காரணிலயும் அப்படித்தான். 62, 132, 237 இந்த மூணையும் எந்தப் பெரிய எண்ணால வகுத்தா ஒரே மீதி வரும்? வித்தியாசத்தை எடு, பொதுக் காரணி கண்டுபிடின்னு நோட்ஸ்ல இருக்கும். 70, 105, 175, மீப்பெரு பொதுக் காரணி 35. ஏன் வித்தியாசம் எடுக்கறோம்? மூணுலயும் ஒரே மீதி இருக்கு, ஒண்ணுலருந்து ஒண்ணைக் கழிச்சா அந்த மீதி ஓடிப் போயிடும், மிஞ்சறது சரியா வகுபடும். 35-ஆல வகுத்துப் பாருங்க, மூணுக்கும் மீதி 27. இந்தக் காரணம் தெரிஞ்சவர் இதுக்குப் பக்கத்து வீட்டுக் கேள்வியான “6, 8, 12-ஆல வகுத்தா முறையே 5, 7, 11 மீதி வரும் மிகச்சிறிய எண்”ங்கறதுல குழம்ப மாட்டாரு. எல்லாத்துலயும் ஒண்ணு குறையுது, அப்ப மீ.சி.ம 24-ல ஒண்ணு கழிச்சா 23.

சுருக்குதல்ல உங்க மேத்ஸ் நண்பர் நிஜமாவே உதவுவாரு. 0.87-ஓட கனத்தையும் 0.13-ஓட கனத்தையும் கூட்டி மேல வச்சு, கீழ 0.87 வர்க்கம், மைனஸ் அந்த ரெண்டு எண்ணையும் பெருக்கினது, ப்ளஸ் 0.13 வர்க்கம்னு குடுத்திருப்பாங்க. தெரியாதவங்க தசமத்தைப் பெருக்கவே நாலு நிமிஷம் உக்காந்திருப்பாங்க, தெரிஞ்சவர் பார்த்ததும் ரெண்டு எண்ணையும் கூட்டி 1-னு போட்டுட்டுப் போயிடுவாரு. இதுல போடறதுக்கு ஒண்ணும் இல்ல, அடையாளம் தெரியணும், அவ்ளோதான். அவர்கிட்ட “போட்டுக் காட்டுங்க”ன்னு கேக்காதீங்க, “எதைப் பார்த்து இந்த வகைன்னு முடிவு பண்ணீங்க”ன்னு கேளுங்க. அவரும் சும்மா குடுக்கற ஆளா மட்டும் இருக்க வேண்டியதில்ல. மேத்ஸ் படிச்சவங்களுக்கு ஒரு வியாதி உண்டு, எதை எடுத்தாலும் எக்ஸ் வச்சு ஒரு பக்கம் எழுதறது. 180 நிமிஷத்துல 200 கேள்வின்னா கேள்விக்கு ஒரு நிமிஷம் கூட இல்ல, 54 செகண்ட். விலை 25 சதவீதம் ஏறிடுச்சு, செலவு மாறாம இருக்க உபயோகத்தை எவ்ளோ குறைக்கணும்னு கேட்டா 4 ரூபா 5 ரூபா ஆச்சு, அப்ப 5 கிலோ 4 கிலோ ஆகணும், அஞ்சுல ஒண்ணு, 20 சதவீதம்னு வாய்லயே வரணும். இதை அவர் உங்ககிட்ட இருந்துதான் கத்துக்கணும்.

ஆப்ஷனை வச்சு வெட்டறதையும் சேர்ந்து பழகுங்க. மீ.சி.ம 180, மீப்பெரு பொதுக் காரணி 6, ஒரு எண் 36, இன்னொண்ணு என்னன்னா 180-ஐ 6-ஆல பெருக்கி 36-ஆல வகுத்தா 30. அதைப் போடறதுக்கு முன்னாடியே விடை 6-ஆல வகுபடணும், 180-ஐ வகுக்கணும்னு தெரியும்ல, பாதி ஆப்ஷன் அங்கயே காலி.

எண் தொடர்ல மட்டும் ஜாக்கிரதை, சண்டை வர்ற இடம் அதுதான். 2, 4, 8 அடுத்து என்னன்னா ஒருத்தர் இரட்டிச்சு 16-ம்பாரு, இன்னொருத்தர் வித்தியாசம் 2, 4, 6-னு போயி 14-ம்பாரு, ரெண்டு பேரு சொல்றதும் நியாயம்தான், அரை மணி நேரம் போயிடும். டைமர்ல 3 நிமிஷம், அதுக்குள்ள முடியலன்னா கீல என்ன இருக்கோ அதை எழுதிட்டு நகருங்க. பகடைக்கு பேப்பர்ல ஒரு பகடை செஞ்சு எண் எழுதி கைல வச்சுக்கோங்க. கேள்வில ஒரே பகடையோட ரெண்டு படம் இருக்கும், ரெண்டுலயும் ரெண்டு எண் பொதுவா இருந்தா மிச்சம் இருக்கற ரெண்டும் எதிரெதிர் பக்கம்ங்கறது கைல திருப்பிப் பார்த்தா அப்படியே மனசுல நிக்கும், படம் வரைஞ்சு விளக்கினா நிக்காது. ஒரு வாரம் போதும் இதுக்கு.

இப்ப தனியா பண்ண வேண்டியது. குரூப்ல பேசி புரிஞ்ச கணக்கை ரெண்டு நாள் கழிச்சு வீட்ல நோட்டைப் பார்க்காம திரும்பப் போடணும். இதைத்தான் நீங்க பண்றதில்லன்னு நினைக்கறேன், அதான் டெஸ்ட்ல 12. புரிஞ்ச மாதிரி இருக்கறதுக்கும் கைல வர்றதுக்கும் நடுவுல இருக்கற தூரம் அப்பதான் தெரியும். வராம போன கணக்கை மட்டும் தனியா ஒரு நோட்டுல எழுதி, பக்கத்துல காரணம் ஒரே வார்த்தைல போடுங்க: தெரியல, தப்பா படிச்சேன், பெருக்கல் தப்பு, நேரம் பத்தல. ஒரு மாசம் கழிச்சு அந்த நோட்டைப் புரட்டினா உங்களுக்கே சிரிப்பு வரும், ஒவ்வொருத்தருக்கும் ஒரே மாதிரி தப்புதான் திரும்பத் திரும்ப வந்திருக்கும். பெருக்கல் தப்பு நிறைய இருக்கறவருக்கு புது ஷார்ட்கட் சொல்லிக் குடுத்து பிரயோஜனம் இல்ல, அவர் 25 வரைக்கும் வர்க்கம், 12 வரைக்கும் கனம், பின்னத்தோட சதவீத மதிப்பு இதையெல்லாம் ஒழுங்கா மனப்பாடம் பண்ணட்டும், இது மனப்பாடம் பண்ண வேண்டிய விஷயம்தான்.

கேள்வி தேடி வெளிய அலைய வேண்டாம். டிஎன்பிஎஸ்சி வெப்சைட்லயே பழைய பேப்பரும் கீயும் கிடைக்குது, குரூப் 4 முடிச்சா குரூப் 2-ல இருக்கற திறனறிவுக் கேள்வியை எடுங்க, சிலபஸ் பெரும்பாலும் ஒண்ணுதான். ஆறாம் கிளாஸ்லருந்து பத்தாம் கிளாஸ் வரைக்கும் ஸ்கூல் புக்ல இருக்கற பயிற்சிக் கணக்கை நாலு பேரும் பிரிச்சுக்கோங்க, ஒருத்தருக்கு ஒரு பாடம், அவர் அதுல நல்லதா அஞ்சு கணக்கு தேர்ந்தெடுத்து எடுத்துட்டு வரணும். தேர்ந்தெடுக்கணும்னா எல்லாத்தையும் போட்டுப் பார்த்தாகணும், அதுலயே அவர் படிச்சு முடிச்சிருப்பாரு.

மாசத்துக்கு ரெண்டு தடவையாவது 200 கேள்வி முழு டெஸ்ட் எழுதுங்க, சேர்ந்து உக்காந்து, விடை வட்டத்தை ஷேட் பண்ற ஓ.எம்.ஆர் ஷீட்ல, கருப்பு பால்பாயிண்ட் பேனால. 25 கணக்கை மட்டும் தனியா போட்டா 20 வர்றவருக்கு முழு டெஸ்ட்ல 14 வரும், ஏன்னா கடைசி 20 நிமிஷத்துல கணக்குக்கு வந்திருப்பாரு. என் கணக்குப்படி தமிழ் முதல்ல முடிச்சுட்டு ரெண்டாவதா கணக்கு போடறது நல்லது, மூளை அப்ப இன்னும் சுறுசுறுப்பாத்தான் இருக்கும், 40 நிமிஷம் ஒதுக்கலாம். தமிழை முதல்ல சொல்றதுக்குக் காரணம் அதுல 150-க்கு 60 வரலன்னா அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டாங்க. ரெண்டு நிமிஷத்துல வழி தெரியாத கணக்கை விட்டுட்டு நகர்றதையும் இந்த டெஸ்ட்லதான் பழகணும். தப்புக்கு மைனஸ் மார்க் கிடையாது, அதனால விட்டதுக்குக் கடைசில ரெண்டு ஆப்ஷனை வெட்டிட்டு ஒண்ணை ஷேட் பண்ணிடுங்க, “விடை தெரியவில்லை”ங்கற அஞ்சாவது ஆப்ஷன் ஈ (E) வட்டத்தை அவ்ளோ சீக்கிரம் தொடாதீங்க.

இடத்தைப் பத்தி ஒண்ணு. லைப்ரரில சத்தமா பேச முடியாது, அதுதான் நீங்க பேசாம காப்பி பண்றதுக்கு ஒரு காரணமோன்னு தோணுது. 12 நிமிஷம் தனியா போடறதை உள்ள வச்சுக்கோங்க, பேசறதை வெளில மரத்தடில வச்சுக்கோங்க. மாவட்ட வேலைவாய்ப்பு ஆபீஸ்ல தன்னார்வ பயிலும் வட்டம் இலவசமா நடத்துறாங்க, அங்க போயி கேட்டா கிளாஸும் கிடைக்கும், டெஸ்ட்டும் கிடைக்கும்.

கடைசியா ஒரு வரி எழுதியிருந்தீங்க, நாலுல ஒருத்தர் வேலைக்குப் போறாரு, வாரத்துல மூணு நாள்தான் வர முடியுது, அவரை வச்சுக்கலாமா வேண்டாமான்னு. வச்சுக்கோங்க. வராத நாள்ல அந்த எட்டு கேள்வியை போட்டோ எடுத்து அனுப்புங்க, விடையை அனுப்பாதீங்க. அவர் ராத்திரி டைமர் வச்சு போட்டு, ரஃப் ஷீட்டை அப்படியே போட்டோ எடுத்து அனுப்பட்டும், அதுக்கப்புறம் யார் வழி வேற மாதிரி இருக்கோ அவர் ஒரு நிமிஷ வாய்ஸ் நோட் போட்டா போதும். முதல் கணக்கா இதைக் குடுங்க: 18 பேரு ஒரு வேலையை 20 நாள்ல முடிப்பாங்க, 8 நாள் கழிச்சு 6 பேரு நின்னுட்டாங்க, மிச்ச வேலை முடிய இன்னும் எத்தனை நாள் ஆகும்? 18 வரணும். 26-னு அனுப்பினார்னா கணக்கு சரி, கேள்வியைத்தான் பாதி படிச்சிருக்காரு.